விருந்தும் அளவும்

ஐதராபாத் மாநகரின் தார்நாகாப் பகுதியில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை அடுத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. அவ்வழியே செல்லும் நம் தமிழன்பர்களுள் பலர் அதன் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பர். ஆயின், அந்நிறுவனமும் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து புறப்பட்டு வந்து இந்நகரில் குடியேறியது என்பதை அறிந்தோர் சிலரே. நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் பிறந்து, நாற்பதாண்டுகள் அங்கேயே வளர்ந்து, 1958-இல் அது இந்நகரை அடைந்தது. மனிதன் எதனை உண்ண வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும் என்று ஆராய்வதே அதன் பணி. ஆண்டு விழா, தீபாவளி, பொங்கல், புத்தாண்டு, திருமணம் என விருந்துகள் மலிந்தது நம் சங்க வாழ்க்கை. இவ்வாழ்க்கைக்கு அந்நிறுவனத்தின் வரலாறு கூறும் செய்தி ஒன்று உண்டு. பசியை அளப்பதற்காகத் தோன்றிய அறிவு, இன்று நம் மிகுதியை அளக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது என்பதே அது.

விருந்தைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. விருந்தோம்பலைத் தமிழன் இல்லறத்தின் உயிராகவே கொண்டான். திருவள்ளுவர் அதற்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அது நூலின் ஒன்பதாம் அதிகாரம். அதே புலவர் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயரிட்டார். மருந்து என்ற தலைப்பைக் கண்டு வேரும் தழையும் சூரணமும் அங்கே தேடுவோர் ஏமாந்து போவர். முதற் குறள் நோயின் காரணத்தைக் கூறும். அதனை அடுத்த ஆறு குறட்பாக்களும் உண்ணும் முறையையே பேசும். மருத்துவன் இறுதி மூன்று பாக்களிலேதான் வருகிறான். உண்ட உணவு செரித்த பின்னரே மீண்டும் உண்ணுதல், அளவறிதல், ஒவ்வாததை மறுத்து உண்ணுதல் ஆகியவையே அந்த அதிகாரத்தின் மருந்துச் சரக்கு. விருந்து படைக்கச் சொன்னவரே வேண்டாமென மறுக்கவும் கற்பித்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பழந்தமிழர் விருந்தில் அளவு என்பது இருந்ததா என்று சிலர் வினவலாம். பொருநராற்றுப்படையில் கரிகாற் பெருவளத்தானின் அரண்மனையில் விருந்துண்ட பொருநனின் பற்கள், ஊன் தின்று தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போல மழுங்கிவிட்டன என்று புலவர் பாடியிருக்கின்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பொருநன் யார்? பசியால் வாடி, கந்தல் உடுத்து, வழிநடந்து வந்த ஏழைக் கலைஞன். பல நாட் பட்டினிக்குப் பின் கிடைத்த சில நாள் விருந்து அது. அவனும் ஒரு நாள் தெவிட்டி, ஊருக்கு விடை கேட்கிறான். பழைய விருந்தின் இலக்கணம் இதுவே. ஆண்டு முழுதும் வயிறு சுருங்கியிருந்தவனுக்கு ஒரு நாள் வயிறு நிறைந்தது.

சங்க காலத்தோடு இந்நிலை முடிந்துவிடவில்லை. நம் பாட்டனார் காலத்துச் சிற்றூர்களை எண்ணிப் பார்ப்போம். உழவர் குடும்பங்கள் பலவற்றில் நெற்சோறே விருந்துணவு. மற்ற நாட்களில் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச் சோறு. இட்லியும் தோசையும் தீபாவளியன்று மட்டுமே அடுப்பேறிய வீடுகள் எண்ணற்றவை. அன்று அதிரசமும் முறுக்கும் சட்டி நிறையச் சுட்டார்கள் என்றால், மறுநாள் ஏர் பிடிக்கும் கைக்கும் நாற்று நடும் முதுகுக்கும் அது பத்தாது. மேலும், விருந்து நாட்களுக்கு இடையே நோன்பு நாட்களை நம் முன்னோர் நட்டு வைத்தனர். ஏகாதசியும் சஷ்டியும் அமாவாசையும் இந்துக்களுக்கு, இரமலான் முஸ்லிம்களுக்கு, தவக்காலம் கிறித்தவர்களுக்கு. தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் முழுக்குக்குப் பின், பட்சணத்துக்கு முன், ஓர் உருண்டை லேகியம் கொடுக்கும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சுக்கும் திப்பிலியும் ஓமமும் சேர்ந்த அம்மருந்தை விருந்தின் முதற் பண்டமாகவே வைத்த பாட்டிமாரின் முன்னறிவை வியக்காமல் இருக்க முடியாது. லேகியத்திலும் பாதி வெல்லமும் நெய்யும்தானே என்று குறும்பாகக் கேட்போருக்கு எம்மிடம் விடையில்லை.

வாழையிலைப் பந்தியையும் நாம் வெறும் அழகுக்காக எண்ணி வருகிறோம். அதனுள் ஓர் ஒழுங்கு இருந்தது. உண்பவன் உட்கார்ந்திருப்பான், பரிமாறுவோன் வருவான். உப்பும் ஊறுகாயும் துளியளவில் ஓரத்தில் நிற்கும். கூட்டும் பொரியலும் பச்சடியும் முதலில் இலைக்கு வரும். பின்னர்ச் சோறும் பருப்பும், அதன்பின் சாம்பார், இரசம், மோர் என்று ஒவ்வொன்றும் தன் முறை வந்த பிறகே வரும். இரண்டு பரிமாறல்களுக்கு நடுவே காத்திருப்பு உண்டு. அந்தக் காத்திருப்பில் வயிறு தன் செய்தியை மூளைக்கு அனுப்பிவிடும். மோர்ச்சோறு வந்தால் முடிவு என்று குழந்தைக்கும் தெரியும். பந்தி ஒன்றாக அமர்ந்து ஒன்றாக எழும். அடுத்த பந்தி வாயிலில் நிற்கும்போது எவரும் இலையின் முன் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. பண்டங்கள் பலவாயினும் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியே. விருந்துக்கு வேலி கட்டிய முறை என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வாறு வழக்கத்தால் அளந்து வந்த நாட்டில், எண்ணால் அளக்கும் முயற்சி எப்போது தொடங்கியது? அதனைத் தொடங்கி வைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் ஐதராபாத் இராச்சியத்தையும் மைசூரையும் வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் 'தாது வருடப் பஞ்சம்' என்று இன்றும் குறிப்பிடுவர். 1877-இல் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1,550 கலோரி. கல்லுடைத்து மண் சுமக்கும் உடலுக்கு அது எம்மட்டு? சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். மெலிந்து சாகும் மக்களின் உடல்நிலையையே சான்றாகக் காட்டி அவர் வாதாடினார்; சில மாதங்களில் அளவும் உயர்த்தப்பட்டது. ஒரு மனிதன் உயிர் வாழ எவ்வளவு உணவு வேண்டும் என்னும் வினா நம் மண்ணில் அலுவலக ஏடுகளில் ஏறியது அப்போதுதான். கேட்கப்பட்ட இடமோ பிணங்களின் நடுவே.

அதற்கு நாற்பதாண்டுகள் கழித்து, 1918-இல், குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்நாளில் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் அதற்குப் பொருளுதவி செய்தது. 1923-இல் அரசின் சிக்கன நடவடிக்கை அவ்வறையையும் மூடியது. 1925-இல் மீண்டும் திறந்தது. 1928-இல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் என்னும் பெயர் பெற்றது. உணவைப் பற்றிய ஆராய்ச்சியைச் சிக்கனத்தின் பேரால் நிறுத்திய அரசின் அறிவை என்னென்பது!

பெரிபெரி என்பது கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளரும் நோய். சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் முடங்கி விழுவதைக் கண்டு அதன் மூலத்தை நோக்கி வழிகாட்டியிருந்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிசியின் மேலுள்ள தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுவதே நோய்க்குக் காரணம். சென்னை மாகாணத்தில் இந்நோய் எல்லா இடத்தும் இல்லை. இன்றைய ஆந்திரக் கடற்கரையான வட சர்க்கார்ப் பகுதியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடையேதான் அது பரவியிருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் அரிசியே உணவாயினும் நோய் அரிது. இதன் மறைபொருள் புழுங்கலரிசி. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார் எவ்வித ஆராய்ச்சியும் இன்றி ஒரு கொடிய நோயைத் தமிழகத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தினர். இன்று இந்நகரக் கடைகளில் வெண்மையைப் பார்த்து அரிசி வாங்கும் நாம், வாரத்தில் சில நாளாவது புழுங்கலுக்குத் திரும்பலாம்.

மெக்காரிசன் புரிந்த மற்றொரு சோதனை தமிழர்க்குச் சற்றுக் கசப்பானது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்த எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காயும் கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை நம்பிய 'மதராசி' உணவு கடைசியில் நின்றது. அரிசியைப் பழிப்பதற்கு இதனைச் சிலர் பயன்படுத்தினர், அது முறையன்று. சோற்றைக் குவித்து, காயையும் பருப்பையும் பாலையும் பெயருக்கு வைக்கும் ஏழைமையையே அந்த எலிகள் காட்டிக் கொடுத்தன. 1935-இல் மெக்காரிசனுக்குப் பின் இயக்குநரான டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைகளாக்கி வெளியிட்டார். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் கொத்தவரங்காயும் எண்களின் அரங்கில் ஏறின. வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த குழுவிலும் அவர் உறுப்பினராயிருந்தார். ஆகவே அவருடைய அட்டவணைகளின் பின்னாலும் பசியின் நிழல் உண்டு.

நாடு விடுதலை பெற்ற பின்பும் அந்நிழல் அகலவில்லை. அது விருந்துக் கூடத்துக்குள்ளேயும் நுழைந்தது. 1950-இல் உணவு அமைச்சரான கே. எம். முன்ஷி, ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டினார். அரிசியும் கோதுமையும் சேராத சிற்றுண்டிகளை விற்கும் 'அன்னபூர்ணா' உணவுச் சாலைகளை இலீலாவதி முன்ஷியும் மாதர் சிலரும் நடத்தினர். சென்னையில் இராஜாஜி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆயினும் 1965-இல் வறட்சியும் போரும் சேர்ந்து வரவே, பிரதமர் இலால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். உணவு விடுதிகள் அவ்விரவில் கதவடைத்தன. அப்போது உணவு அமைச்சராயிருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்து, அந்த நிலையை மாற்ற அடிகோலியவரும் அவரே. அக்காலத்தில் பல மாநிலங்கள் விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணைகளைப் பிறப்பித்தன. திருமண வீட்டில் தானிய உணவு பரிமாறப்படுவோர் இத்தனை பேருக்கு மேற்படலாகாது என்பது அவற்றின் சாரம். சட்டத்தால் விருந்தை அளக்க முயன்ற காலம் அது. அம்முயற்சி எங்கும் முழு வெற்றி பெற்றதாகக் கூற முடியாது. விருந்து என்பது மானத்தோடு பிணைந்தது. மானத்தின் முன் ஆணை நிற்பதில்லை.

இந்தச் சூழலில்தான் குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்தை அடைந்தது. குன்னூரில் எலிக்கூடு உண்டு. ஆனால் நோயாளர் திரளைக் காண மலையிறங்க வேண்டும். ஐதராபாத்திலோ உஸ்மானியா மருத்துவமனையும், குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் உரிய நிலோபர் மருத்துவமனையும் அருகே இருந்தன. பொன்விழா ஆண்டான 1969-இல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. 1960-களில் அதன் இயக்குநராக விளங்கியவர் டாக்டர் சி. கோபாலன். ஆராய்ச்சி தொடங்கிய அதே 1918-ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்தவர்; சென்னையில் மருத்துவம் கற்றவர்; நூறு வயதைக் கடந்து 2019-இல் மறைந்தவர். தமிழகத்தில் பிறந்து ஐதராபாத்தில் பணிசெய்த பெருமக்களை வரிசைப்படுத்தினால் அவருக்கு முன்னிடம் தர வேண்டும்.

தக்காணத்தில் சோளத்தையே முதன்மையாக உண்ட ஏழை மக்களிடையே பெல்லாக்ரா என்னும் தோல்நோய் கண்டது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்து வெடிக்கும், வயிறு கழியும், முற்றினால் மனமும் கலங்கும். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் புரதக்கூறு இதற்குக் காரணமாகலாம் என்று கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். அக்கருத்து உலக அளவில் விவாதத்தைத் தோற்றுவித்தது. குழந்தைகளின் மெலிவுக்குப் புரதக் குறைவே காரணம் என்று மேலைநாட்டார் புரதப் பொடிகளைப் பரிந்துரைத்த நாளில், நம் குழந்தைகளுக்குக் குறைவது வயிறார உணவே என்றும், சோறும் பருப்பும் போதிய அளவு கிடைத்தால் புரதமும் கூடவே வரும் என்றும் கோபாலன் எடுத்துரைத்தார். 1956-இல் காமராசர் பள்ளிகளில் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டம் எத்தகைய அறிவுடைமை என்பது இதனால் விளங்கும். உயிர்ச்சத்து 'ஏ' குறைவால் கண்ணிழக்கும் குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒரு முறை அம்மருந்தை வாய்வழியாகக் கொடுக்கும் முறையும் இந்நிறுவனத்தில் ஆராய்ந்து, 1970-இல் நாடு தழுவிய திட்டமாயிற்று.

இதுகாறும் கூறியவை அனைத்தும் குறைவின் வரலாறு. ஒரு தலைமுறைக்குள் காட்சி மாறியது. குறைவு முற்றும் ஒழிந்துவிடவில்லை. இன்றும் நம் நாட்டில் சோகை பிடித்த தாய்மாரும் மெலிந்த குழந்தைகளும் பலர். ஆயின் நகரங்களில், நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில், மிகுதியே நோயாகி நிற்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர். நம் புதுச்சேரியில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் நீரிழிவு கண்டிருக்கிறது.

தார்நாகாவின் நிறுவனமும் இதற்கேற்பத் தன் நாவை மாற்றிக்கொண்டது. இந்தியர்க்கான உணவு நெறிகளை அது 1998-இல் முதலில் வெளியிட்டது, 2011-இல் திருத்தியது, 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போதைய இயக்குநர் டாக்டர் ஆர். ஹேமலதா தலைமையிலான குழு 17 நெறிகளாகப் புதுப்பித்தது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி வேண்டும் ஒருவரின் தட்டில் தானியம் 250 கிராம் இருந்தால் போதும் என்கிறது அந்நூல். அதாவது டெம்பிள் துரை பஞ்சத்தில் கொடுத்த தானியத்தில் பாதியைவிடச் சற்றே மிகுதி. ஆனால் அத்தோடு காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி லிட்டர் இருக்க வேண்டும். உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2,000 கலோரிக்கு அது 25 கிராம் ஆகும். இல்லத்தரசியர் எளிதில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாலுக்கு 150 கிராம் சர்க்கரை இட்டுப் பாயசம் காய்ச்சி ஆறு பேர் உண்டால், ஒருவர் பங்கு 25 கிராம். நாளின் கணக்கு அந்த ஒரு கிண்ணத்தோடே தீர்ந்துவிடுகிறது. சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம் இட்டால் கணக்கு மாறும் என்று எண்ணுவோர் தம்மையே ஏமாற்றிக் கொள்கின்றனர்.

ஆண்டுக்குச் சில நாள் விருந்தினால் என்ன வந்துவிடும் என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கப்படும் வினா. அமெரிக்க நாட்டில் 195 பேரை ஓராண்டு முறையாக எடை பார்த்து வந்த ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நவம்பர் முதல் சனவரி வரையுள்ள அந்நாட்டு விழாக் காலத்தில் அவர்களுக்குச் சராசரியாக ஏறிய எடை 370 கிராம்தான். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். தமக்கு அதைவிட மிகுதியாக ஏறியிருக்கும் என்றே அவர்களும் நினைத்திருந்தனர். ஆனால் அந்த எடை பின்னர்க் குறையவேயில்லை. ஆண்டு முழுவதிலும் கூடியது ஏறக்குறைய 620 கிராம். அதில் பெரும்பகுதி அச்சில வாரங்களில் வந்தது. இருபது தீபாவளிகள் கழிந்தால் இடுப்பில் என்ன சேர்ந்திருக்கும் என்பதை அன்பர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நிலைமையோ இன்னும் சிக்கலானது. ஊரிலிருந்து கொண்டுவந்த விழாக்கள் நமக்கு உண்டு. வந்த ஊரின் விழாக்களும் உண்டு. தீபாவளி பட்சணத்தோடு உகாதிப் பச்சடியும், பொங்கலோடு அண்டை வீட்டாரின் அரிசெலுவும், இரமலான் மாதத்தில் 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற ஐதராபாத் ஹலீமும், கிறித்துமஸ் கேக்கும், திருமண வீட்டுப் பிரியாணியும் அதன் பின்னே வரும் குபானி கா மீட்டாவும் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கின்றன. இது நம் பேறு. வேற்றூரில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரின் அன்பு தட்டில்தான் வருகிறது. நாட்காட்டி இரட்டித்தது, வயிறு ஒன்றாகவே நின்றுவிட்டது. விருந்தில் பெயர் போன நகரமும் இது. ஆறாம் நிஜாமின் பலக்நுமா அரண்மனையில் ஒரே மேசையில் 101 பேர் அமர்ந்து உண்ணலாம் என்றால் வேறு சொல்ல வேண்டுமா! அடுத்து அரியணை ஏறிய ஏழாம் நிஜாம், உலகப் பெருஞ்செல்வருள் ஒருவராயினும், எளிய வாழ்வுக்குப் பெயர் பெற்றவர் என்பதையும் உடன் கூறிவிடுவோம்.

விருந்தைக் காத்த நாம் அதன் வேலியைக் கைவிட்டோம். நின்று கொண்டே உண்ணும் 'பஃபே' முறை இடத்தையும் ஆளையும் மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே பந்தி இல்லை, வரிசை இல்லை, மோர் வந்து முடிவு சொல்வதும் இல்லை. இருபது பண்டங்கள் ஒரே நேரத்தில் கண்ணெதிரே நிற்கின்றன. மீண்டும் வரிசையில் நிற்க நாணி, முதல் முறையிலேயே தட்டை மலையாக்குகிறோம். பாதி வயிற்றுக்குள்ளும் பாதி குப்பைக்கும் போகின்றன. சாஸ்திரி காலத்தில் திங்கள் இரவு பட்டினி கிடந்த பெற்றோரின் மக்கள் நாம் என்பதை அந்தக் குப்பைக் கூடையைக் காணும்போது நினைக்க வேண்டியிருக்கிறது.

இலைச் சாப்பாட்டின் வரிசைக்கு இன்றைய அறிவியலிலும் ஓரளவு ஆதரவு காணப்படுகிறது. நீரிழிவுடைய 11 பேரைக் கொண்டு நியூயார்க்கில் நடந்த சிறிய ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. காயும் புரதமும் முதலில் உண்டு, மாவுப் பண்டத்தைப் பின்னர் உண்டபோது, உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரை குறைந்து காணப்பட்டது. பதினொருவரைக் கொண்டு உலகுக்கு விதி வகுத்துவிட முடியாது. ஆயினும், கூட்டையும் பொரியலையும் இலையில் பார்த்தபடி சோற்றுக்குக் காத்திராமல் அவற்றை முதலில் உண்டுவிடுவதில் யாருக்கும் நட்டமில்லை. விருந்தை எண்ணிக் காலை முதல் பட்டினி கிடப்பது மட்டும் வேண்டா. பசித்து வருவோன் அளவை மறப்பான். இன்சுலினோ மாத்திரையோ கொள்ளும் நீரிழிவு நோயாளர்க்கு அது சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் அளவுக்குத் தீங்காகலாம். உண்டபின் நாற்காலியைத் தேடாமல் சிறிது நடப்பது எல்லோர்க்கும் நன்று.

இவை எல்லாவற்றினும் கடினமானது உபசாரம். 'இன்னும் ஒன்றே ஒன்று', 'எங்கள் வீட்டில் உண்ணாமல் போவதா', 'ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது' என்று மொழியும் அன்பு, எதிரே அமர்ந்திருக்கும் அறுபது வயது மாமாவின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்ததில்லை. அவரும் மறுத்தால் மனம் புண்படுமே என்று இரண்டாம் ஜாங்கிரியையும் ஏற்றுக்கொள்கிறார். பசித்தோர் நிறைந்த நாட்டில் வற்புறுத்திப் பரிமாறியது அறம். விருந்தாளி கூச்சத்தால் வயிறு நிறையாமல் எழுந்துவிடக் கூடாதே என்னும் பரிவு அது. இன்று நம் கூடத்தில் அமர்வோருள் பலர் மருந்துப் பெட்டியோடு வருகிறவர்கள். அவர்களிடம் 'வேண்டுமா?' என்று கேட்பதும், 'வேண்டாம்' என்றால் கரண்டியைத் திருப்பிக்கொள்வதும் அதே பரிவின் இன்றைய வடிவம். இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினால் பரிமாறுவோன் நின்றுவிட வேண்டும் என்பது பழைய பந்தியின் எழுதா விதி. எவரும் அதனை அவமதிப்பாகக் கொண்டதில்லை.

ஆண்டு விழாக் குழுவினர்க்கு ஒரு சொல். இலை போட இடமிருந்தால் இலையே போடலாம். பஃபேதான் இயலும் எனில், மேசையின் தலைமாட்டில் காய்கறிகளும் சுண்டலும் நிற்கட்டும். பொரித்தவையும் இனிப்பும் கடைசியில் நிற்கட்டும். இனிப்பு ஒன்று போதும். பாயசத்துக்குச் சிறு கிண்ணம் போதும். ஊறுகாயையும் அப்பளத்தையும் கேட்டவர்க்கு மட்டும் கொடுக்கலாம். சமையற்காரரிடம் அரிசியை அளந்து கொடுப்பது போலவே எண்ணெயையும் சர்க்கரையையும் அளந்து கொடுப்பது நன்று; மிஞ்சினால் செலவும் மிச்சம். சிறுவர்க்குத் தனி வரிசை வைத்து, அவர்கள் கேட்டதை மட்டும் கேட்ட அளவில் இடுமாறு பரிமாறும் இளைஞர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; மோரைப் பானையோடு வாயிலருகே வைத்துவிட்டால், அதைக் குடித்துவிட்டு எல்லோரும் கலைநிகழ்ச்சிக்கு நேரத்தோடு வந்து அமர்வார்கள்.